ஐம்பது வயது வண்டிக்கு ‘வி.ஏ.’ எண்: வாங்கினால் கிடைப்பது என்ன, விட்டுக்கொடுப்பது என்ன?

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடையே மூன்று பேச்சுகள் மாறி மாறி உலவுகின்றன. 15 ஆண்டு தாண்டிய வண்டியை உடைப்புக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ஒன்று. 50 ஆண்டு தாண்டினால் வண்டி தானாகவே ‘வின்டேஜ்’ ஆகிவிடும், ஆர்.டி.ஓ. அலுவலகப் பக்கமே தலைவைக்க வேண்டாம் என்பது இன்னொன்று. ‘வி.ஏ.’ என்னும் வின்டேஜ் எண் வாங்கிவிட்டால் வண்டியை ஷெட்டை விட்டு வெளியே எடுக்கவே கூடாது என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இவை சாகாமல் வாட்ஸ்அப்பில் உலா வருகின்றன.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 நவம்பரில் ஒரு வரைவை வெளியிட்டு, 2021 ஜூலை 15 அன்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் திருத்தமாக அதை அறிவித்தது. இந்தியாவில் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறை வந்தது அப்போதுதான். பலரும் இதை வண்டிக்குக் கிடைக்கும் பட்டம் போலப் பார்க்கிறார்கள். உண்மையில் இது அரசுடன் போடும் ஒப்பந்தம். அரசு சில சலுகைகளைத் தருகிறது. உரிமையாளர் வண்டியை இஷ்டப்படி ஓட்டும் உரிமையை விட்டுக்கொடுக்கிறார். இந்தக் கொடுக்கல் வாங்கல் லாபமா நட்டமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சாதாரணப் பதிவு எப்படி ஓடுகிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 41-இன்படி சொந்த உபயோக வண்டியின் பதிவுச் சான்று, அதாவது ஆர்.சி., 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி, தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். இத்தனை முறைதான் என்று வரம்பு கிடையாது. 1968-இல் பதிவான அம்பாசடர் இன்றைக்கும் செல்லுபடியாகும் ஆர்.சி.யோடு காய்கறிச் சந்தைக்குப் போய்வர முடியும். சட்டத்தில் அதற்குத் தடையில்லை.

அப்படியானால் 15 ஆண்டுப் பேச்சு எங்கிருந்து வந்தது? இரண்டு இடங்களிலிருந்து. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் எதிராகத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-இல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை உறுதி செய்தது. காற்று மாசுக்காக அந்த வட்டாரத்துக்கு மட்டும் இடப்பட்ட கட்டு அது. அடுத்தது, 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்று வந்த விதி. அரசு ஜீப்புக்கு வந்த விதியைப் பக்கத்து வீட்டு ஃபியட்டுக்கும் பொருத்திவிட்டார்கள். தனியார் வண்டியைப் பொறுத்தவரை உடைப்புக் கொள்கை வயதைப் பார்ப்பதில்லை. சோதனையில் தேறுகிறதா என்பதைத்தான் பார்க்கிறது.

இதிலிருந்து முக்கியமான ஒரு விஷயம் தெரிகிறது. வண்டிக்கு 50 வயதாகிவிட்டது என்பதற்காக யாரும் வின்டேஜ் பதிவுக்கு மாறியே ஆக வேண்டியதில்லை. அது விண்ணப்பித்து வாங்குவது.

சட்டத்தின் ‘வின்டேஜ்’ எது?

பேச்சு வழக்கில் பழசானதெல்லாம் வின்டேஜ். இங்கிலாந்துக்காரர்களின் மரபில் 1930-உடன் வின்டேஜ் காலம் முடிந்துவிடும். பழம்பெரும் வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, 30 ஆண்டு பழையதாக இருந்தாலே ‘வரலாற்று வாகனம்’ என்று ஏற்கிறது. அதன் வகைப்பாட்டிலும் 1919 முதல் 1930 வரை உள்ளவைதான் வின்டேஜ். இந்திய விதியோ இந்த நுணுக்கங்களுக்குள் போகவில்லை. ‘கிளாசிக்’ என்று தனி வகையும் அதில் இல்லை. அது கேட்பவை இவை:

1. இருசக்கர வண்டி அல்லது நாலுசக்கர வண்டியாக இருக்க வேண்டும். மூன்று சக்கர லாம்ப்ரெட்டா ஆட்டோவுக்கு இதில் இடமில்லை.

2. சொந்த உபயோக வண்டியாக இருக்க வேண்டும். பழைய பஸ், லாரி எவ்வளவு அழகாக இருந்தாலும் சேராது. லேலண்ட் லாரிகளைத் தேடிப்பிடித்துப் பாதுகாப்பவர்களுக்கு இது நியாயமான மனக்குறை.

3. முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். இறக்குமதியான வண்டிக்கும் இதே கணக்கு. உற்பத்தி ஆண்டு கணக்கில் வராது. 1974-இல் தயாராகி, ஷோரூமில் கிடந்து, 1976 மார்ச்சில் பதிவான வண்டிக்கு 2026 மார்ச்சுக்குப் பிறகுதான் வாய்ப்பு.

4. வண்டி அதன் அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். கணிசமான மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது.

மூன்றாவது நிபந்தனை பல இளைஞர்களின் ஆசையில் மண்ணைப் போடுகிறது. யமஹா ஆர்.எக்ஸ். 100 இங்கே வந்தது 1985-இல். முதல் வண்டிக்கே 2035 வரை காத்திருக்க வேண்டும். முதல் மாருதி 800-இன் சாவி கைமாறியது 1983 டிசம்பரில். அதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆகவில்லை. வண்டலூரில் தயாரான 1960-களின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, திருவொற்றியூரில் தயாரான அதே காலத்துப் புல்லட், மைசூரின் ஐடியல் ஜாவா ஆகியவை வயதுத் தேர்வில் தாராளமாகத் தேறும்.

‘கணிசமான மாற்றம்’: சிக்கல் இங்கேதான்

சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பாடி ஷெல் (மேல் கூடு), எஞ்சின் ஆகியவற்றில் செய்யும் மாற்றம் கணிசமான மாற்றத்தில் அடங்கும் என்கிறது விதி. கேட்க எளிது. ஒர்க்‌ஷாப்பில் நின்று பார்த்தால் அத்தனை எளிதில்லை.

1960-களின் ஜீப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி, டீசல் எஞ்சினை வைத்திருப்பார்கள். அது உட்கார இடம் போதாமல் மவுண்டை வெட்டி வெல்டிங் வைத்திருப்பார்கள். பின்னால் ஆள் உட்கார வசதியாகச் சேஸிஸை ஒரு முழம் நீட்டியிருப்பார்கள். துருப்பிடித்த பாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு டிங்கரிங் கடையில் புதுத் தகட்டில் ஒன்றை அடித்திருப்பார்கள். பார்வைக்குப் போர்க்காலத்து ஜீப்பாகத்தான் தெரியும். விதி சொல்லும் மூன்று இடங்களிலும் கை வைக்கப்பட்ட வண்டி அது. டீசலுக்கு மாற்றிய அம்பாசடருக்கும் இதே கதிதான்.

இங்கே இன்னொரு சட்டமும் குறுக்கே வருகிறது. பிரிவு 52-இன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது; கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அனுமதி வாங்கி எஞ்சின் மாற்றி, அதை ஆர்.சி.யில் ஏற்றியிருந்தால் சாதாரணப் பதிவில் ஓட்டலாம். ஆனால் அதே ஆர்.சி. பதிவு, வின்டேஜ் விண்ணப்பத்தில் உங்களுக்கு எதிரான சாட்சி.

தேய்மானத்துக்குச் செய்யும் பழுது வேறு. டயர், பேட்டரி, பிரேக் லைனிங், ரப்பர் புஷ், ஒயரிங் எல்லாம் 50 ஆண்டு தாங்கும் பொருள்களே இல்லை. தேய்ந்த சிலிண்டரை லேத்தில் போர் போட்டு, அதாவது உட்புறத்தைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றுவதையும் மாற்றம் என்று சொல்வது சரியாகாது. ஓவர்சைஸ் பிஸ்டனை வண்டி தயாரித்தவரே அளவு போட்டு விற்றிருக்கிறார், அதாவது அந்த எஞ்சினின் வாழ்க்கையில் எதிர்பார்த்த கட்டம் அது. சந்தேகத்துக்கு இடமான நடுப்பகுதியும் உண்டு. புல்லட்டில் டிஸ்க் பிரேக், அலாய் வீல், பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன் போன்றவை சேஸிஸையோ எஞ்சினின் உடம்பையோ தொடுவதில்லை. ஆனாலும் ‘அசல் வடிவம்’ என்ற முதல் சொல் அவற்றைச் சும்மா விடாது. கழற்றிய பாகத்தைக் காயலான் கடைக்குப் போடாமல் பரணில் வைத்திருப்பவர் பிழைத்தார். பார்வையிட வருமுன் திரும்ப மாட்டிவிடலாம்.

எஞ்சின் எண், சேஸிஸ் எண் ஆகிய இரண்டும் ஆர்.சி.யுடன் ஒத்துப்போக வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெயின்ட் அடிக்கும்போது எண் பொறித்த இடத்தில் புட்டியை அப்பி மூடிவிடுவது நம் ஊர்க் கடைகளில் சர்வ சாதாரணம். அதைச் சுரண்டி, படிக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பமும் எண்ணும்

படிவம் 20-இல் விண்ணப்பிக்க வேண்டும். அதனுடன் காப்பீட்டுப் பத்திரம், கட்டணம், ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டியாக இருந்தால் பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டியாக இருந்தால் சுங்கத் துறையின் இறக்குமதி ஆவணம் ஆகியவை தேவை. விண்ணப்பம் போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் இணையதளம் வழியாகப் போகிறது. எல்லாம் சரியாக இருந்தால் 60 நாளுக்குள் படிவம் 23ஏ-இல் பதிவுச் சான்று தர வேண்டும். அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும்.

நடைமுறையில் பலர் மாட்டிக்கொள்வது இந்தப் பட்டியலின் மிகச் சாதாரணமான இடத்தில்: பழைய ஆர்.சி. அந்தக் காலத்தில் அது கையால் எழுதிய புத்தகம். உரிமையாளர் மாறும்போதெல்லாம் ஒரு பக்கத்தில் மை முத்திரை விழும். கணினிக்கு மாறியபோது எல்லா வண்டிகளின் விவரமும் ஏறிவிடவில்லை. விவரம் தளத்தில் இல்லையென்றால், முதலில் வண்டி பதிவாகியுள்ள அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்து ‘பேக்லாக்’ போட, அதாவது விடுபட்ட விவரத்தைக் கணினியில் ஏற்ற, சொல்ல வேண்டும். அது முடியாமல் மற்ற எதுவும் நகராது.

எண்ணைப் பற்றி ஒரு நல்ல செய்தி. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இப்போதுள்ள டி.என். வரிசை 1989 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தொடங்கியது. அதற்கு முன் எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் மூன்றெழுத்து எண்கள் இருந்தன. சேகரிப்பாளர்களுக்கு அந்த எண்ணே பாதி வண்டி. புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான் வி.ஏ. எண்: மாநிலக் குறியீடு, அடுத்து வி.ஏ., அடுத்து இரண்டெழுத்து வரிசை, கடைசியில் 0001 முதல் 9999 வரை ஓர் எண்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

வின்டேஜ் புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு கழித்து மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஸ்கூட்டருக்கும் இதுதான், பெரிய காருக்கும் இதுதான்.

சாதாரணப் புதுப்பித்தலுக்கு 20 ஆண்டு தாண்டிய வண்டிகளின் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் உயர்த்தினார்கள். இருசக்கர வண்டிக்கு 2,000 ரூபாய், காருக்கு 10,000, இறக்குமதியான இருசக்கர வண்டிக்கு 20,000, இறக்குமதியான காருக்கு 80,000 ரூபாய். இது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. ஜி.எஸ்.டி., தகுதிச் சோதனை, பசுமை வரி ஆகியவற்றைச் சேர்க்காமல் பத்து ஆண்டுக் கணக்கு இப்படி வரும்:

1. புல்லட், ஜாவா: சாதாரணப் பதிவில் 4,000 ரூபாய், வின்டேஜில் 20,000. ஐந்து மடங்குச் செலவு, கட்டுப்பாடு வேறு.

2. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு: இரண்டு வழியிலும் 20,000. முதல் பத்தாண்டில் வித்தியாசமே இல்லை. அடுத்த பத்தாண்டில் வின்டேஜுக்கு 5,000, சாதாரணத்துக்கு மறுபடி 20,000.

3. இறக்குமதி வண்டி என்று ஆர்.சி.யில் உள்ள கார்: சாதாரணத்தில் 1,60,000 ரூபாய், வின்டேஜில் 20,000.

இந்தக் கணக்கே விதியின் உள்மனதைக் காட்டிவிடுகிறது. மூன்றாவது வகைக்காரர் யோசிக்கவே வேண்டியதில்லை. முதல் வகைக்காரருக்கு, அதாவது தமிழ்நாட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு, பணக்கணக்கில் இது நட்டம். வெளிநாட்டுக் கார் சேகரிப்பாளரை மனத்தில் வைத்து எழுதிய விதியில் புல்லட்காரரையும் ஏற்றிக்கொண்டது போல இருக்கிறது.

எதற்கெல்லாம் எடுக்கலாம்?

வின்டேஜ் பதிவுள்ள வண்டியை வழக்கமான போக்குவரத்துக்கும் வணிகத்துக்கும் சாலையில் ஓட்டக் கூடாது. அனுமதிக்கப்பட்ட காரணங்கள்: காட்சிக்கு வைப்பது, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பழங்கால வண்டிகளின் பேரணி, அந்தக் கண்காட்சிக்கோ பேரணிக்கோ போய்வருவது, எரிபொருள் போடுவது, பராமரிப்பு.

கவனித்துப் பார்த்தால் இதில் நாள்கணக்கு இல்லை, கிலோமீட்டர் கணக்கு இல்லை. காரணம் மட்டும்தான் இருக்கிறது. பிற நாடுகளில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்தால் இதன் பலமும் பலவீனமும் புரியும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 25 ஆண்டு தாண்டிய வண்டிக்குக் கிளப் பெர்மிட் உண்டு. அங்கீகாரம் பெற்ற கிளப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். ஆண்டுக்கு 45 நாள் அல்லது 90 நாள் என்று தேர்ந்தெடுத்துக் கட்டணம் கட்டலாம். வண்டியுடன் ஒரு குறிப்பேடு வரும். காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன், உரிமையாளர் பேனாவை எடுத்து அன்றைய தேதியை ஒரு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு வரியில் அன்று முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம்; பேரணிக்கா, பால் வாங்கவா என்று யாரும் கேட்பதில்லை. எழுத மறந்து தெருவுக்கு வந்தால் அது பதிவில்லாத வண்டிக்குச் சமம். பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் 30 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்குக் கிளப் நிகழ்ச்சிகள் போக 60 நாள் குறிப்பேட்டு முறை இருக்கிறது.

ஜெர்மனியில் இரண்டு வழி. 30 ஆண்டு தாண்டி அசல் நிலையில் உள்ள வண்டிக்கு 1997 முதல் ‘ஹெச்’ எழுத்துடன் எண் தருகிறார்கள். ஆண்டு வரி காருக்கு ஒரே தொகையாக 191.73 யூரோ, ஓட்டக் கட்டுப்பாடு இல்லை. அது வேண்டாமென்றால் 07 என்று தொடங்கும் சிவப்பு எண். ஒரே எண்ணைச் சேகரிப்பில் உள்ள பல வண்டிகளுக்கு மாற்றி மாற்றி மாட்டலாம். ஆனால் நிகழ்ச்சிக்கும் சோதனை ஓட்டத்துக்கும்தான் எடுக்கலாம், பயணக் குறிப்பும் எழுத வேண்டும். பிரிட்டன் இன்னும் தாராளம். 40 ஆண்டு தாண்டினால் சாலை வரி இல்லை. 2018 மே 20 முதல், பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. தினமும் ஓட்டலாம், வாடகைக்கு விடக் கூடாது.

ஆக, நாளை எண்ணும் முறை ஒன்று, காரணத்தைக் கேட்கும் முறை ஒன்று, வணிகத்தை மட்டும் தடுக்கும் முறை ஒன்று. இந்தியா இரண்டாவதை எடுத்தது. ஆனால் ஜெர்மனியின் சிவப்பு எண்ணுடன் வரும் குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளவில்லை. அதன் விளைவு சாலையோரத்தில் தெரியும். விக்டோரியாவின் போலீஸ்காரர் குறிப்பேட்டைப் புரட்டினால் ஒரு நொடியில் விடை கிடைக்கும். இங்கே நிறுத்தும் போலீஸ்காரர் “எங்கே போறீங்க?” என்றுதான் கேட்க முடியும், பதிலை நம்புவது அவர் விருப்பம்.

‘வழக்கமான’ என்ற சொல்லும் வழுக்கும் சொல். தினமும் அலுவலகம் போவது வழக்கமான உபயோகம் என்பதில் சண்டையில்லை. ஞாயிறு காலையில் நண்பர்கள் நாலு பேர் நாலு பழைய காரில் கடற்கரைச் சாலையில் போய் டிபன் சாப்பிட்டுத் திரும்பினால் அது பேரணியா, உல்லாசப் பயணமா? அதே நேரத்தில், நிற்க வைத்தால் பழைய வண்டி கெட்டுப்போகும் என்பதும் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகக் கட்டிக்கொள்ளும், பிரேக் சிலிண்டரின் வாஷர் ஒட்டிக்கொள்ளும், டயர் ஒரே பக்கம் அமுங்கித் தட்டையாகும். மாதம் ஒரு முறை எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுவதைப் பராமரிப்பு என்று வாதிடுவதில் தவறில்லை என்றே தோன்றுகிறது.

அந்த வாதம் நிற்க ஆதாரம் வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் டேஷ்போர்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தேதி, மீட்டர் ரீடிங், காரணம் மூன்றையும் எழுதிவருவது நல்லது. கூடவே பேரணி அழைப்பிதழ், மெக்கானிக் பில், பங்க் ரசீது.

கல்யாண ஊர்வலமும் ஷூட்டிங்கும்

தமிழ்நாட்டில் பழைய காருக்கு உண்மையான வருமானம் இந்த இரண்டில்தான். மாப்பிள்ளை அழைப்புக்கு மேல்மூடி திறந்த கார், ஐம்பதுகளில் நடக்கும் கதைக்கு ஒரு ப்ளைமவுத். வாடகை வாங்கினால் அது வணிகம். வின்டேஜ் விதி அதை நேரடியாகத் தடுக்கிறது.

இது வின்டேஜ் எண்ணால் வந்த தடை மட்டும் இல்லை. சாதாரண ஆர்.சி.யிலும் சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விடக் கூடாது. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பின் பிரிவு 192ஏ-இன்படி முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் காசு வாங்காமல் ஓட்டுவது வணிகம் ஆகாது. ஆனால் வின்டேஜ் பதிவில் அதுவும் அனுமதித்த காரணங்களின் பட்டியலில் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். சாதாரணப் பதிவில் அந்தச் சங்கடம் இல்லை.

காப்பீடு

அபராதம் சிறிய விஷயம். விபத்து நடந்தால்தான் பதிவு வகையின் முழு எடையும் தெரியும்.

1. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். வின்டேஜ் ஆனாலும் விலக்கில்லை. 2022 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, வின்டேஜ் காராகப் பதிவான சொந்தக் காருக்கு இந்தப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி உண்டு. இது பலருக்குத் தெரியாத சலுகை. கேட்டு வாங்க வேண்டும்.

2. எல்லாக் கார் பாலிசியிலும் ‘எந்த உபயோகத்துக்கு’ என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு விட்ட நேரத்தில் விபத்து என்றால் சொந்தச் சேதத்துக்கான கோரிக்கை பெரும்பாலும் அந்தப் பத்தியிலேயே விழுந்துவிடும். அடிபட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிட்டு, வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று விபத்துத் தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவதும் உண்டு. மோட்டார் விபத்து இழப்பீடுகள் லட்சக்கணக்கில் போகக்கூடியவை.

3. சொந்தச் சேதக் காப்பீட்டில் வண்டியின் மதிப்பை, ஐந்து ஆண்டு தாண்டியவற்றுக்கு, நிறுவனமும் உரிமையாளரும் பேசித் தீர்மானிக்கிறார்கள். பேசாமல் விட்டால் ஏஜென்ட் போட்ட தொகைதான் பத்திரத்தில் நிற்கும். மூன்று லட்சம் செலவு செய்து மீட்டெடுத்த காருக்கு நாற்பதாயிரம் மதிப்பு போட்டிருந்தால், தீப்பிடித்த மறுநாள் வாதாடிப் பயனில்லை. புகைப்படம், பில்கள், மதிப்பீட்டாளர் அறிக்கை ஆகியவற்றைப் பாலிசி எடுக்கும்போதே கொடுக்க வேண்டும்.

ஓட்டுபவருக்கான விதிகள் எதுவும் வண்டியின் வயதால் தளர்வதில்லை. 1962 புல்லட்டில் போனாலும் தலையில் ஹெல்மெட் வேண்டும், பின்னால் உட்கார்ந்தவருக்கும் சேர்த்து.

விற்பதும் வாங்குவதும்

வின்டேஜ் வண்டியை விற்கத் தடையில்லை. இரு தரப்பும் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் வண்டியோடு அதன் கட்டுப்பாட்டையும் சேர்த்தே வாங்குகிறார். தினமும் ஓட்டலாம் என்ற எண்ணத்தில் வி.ஏ. எண்ணுள்ள காரை வாங்குபவர் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் படிப்பது நல்லது. பழைய எண்ணையே வைத்துக்கொள்ள விதி இடம் தருவதால், நம்பர் பிளேட்டைப் பார்த்து மட்டும் இது வின்டேஜ் பதிவா இல்லையா என்று சொல்ல முடியாது.

அப்படியானால் யார் விண்ணப்பிப்பது?

1. வெளிநாட்டுக் கார், சேகரிப்பில் நிற்பது, ஆண்டுக்கு நாலைந்து பேரணி: வின்டேஜ் பதிவு கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

2. வாரம் இரண்டு முறை ஓட்டும் அம்பாசடர்: சாதாரணப் பதிவைக் காலாவதியாக விடாமல் புதுப்பித்துக்கொள்வதே மேல். புதுப்பிக்க மறந்துவிட்டுக் கடைசியில் ‘சரி, வின்டேஜ் போட்டுவிடலாம்’ என்று வருபவர்கள், ஓட்டும் உரிமையை இழந்த பிறகுதான் அதை உணர்கிறார்கள்.

3. அப்பாவின் புல்லட், ஆர்.சி. கையில் இருக்கிறது: சாதாரணப் பதிவு. பத்தாண்டில் 16,000 ரூபாய் மிச்சம். டியூப், செயின் ஸ்பிராக்கெட், ஒரு செட் பிஸ்டன் ரிங் வாங்கியும் கையில் மீதி இருக்கும்.

4. எஞ்சின் மாற்றிய ஜீப்: வின்டேஜ் கனவை விட்டுவிட்டு, எஞ்சின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இப்போது ஓட்டுவதே சிக்கல்.

5. தோட்டத்துக் கொட்டகையில் கிடைத்த, ஆர்.சி. தொலைந்த வண்டி: எந்தப் பதிவு என்ற கேள்விக்கே இன்னும் வரவில்லை. எண் பலகையில் உள்ள பழைய மூன்றெழுத்தை வைத்து எந்த அலுவலகத்தில் முதலில் பதிவானது என்று கண்டுபிடித்து, அங்கே பதிவேட்டில் அந்தப் பக்கம் கரையான் அரிக்காமல் இருக்கிறதா என்று கேட்பதுதான் முதல் வேலை.